யிடக்கியைக் கேட்கப் பழகுவது எப்படி? யூல்ஙு மக்களின் டிஜெரிடூ இசைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிஜெரிடூ என்ற ஆஸ்திரேலிய மரக்குழல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு நீண்ட ரீங்காரம். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுபவர் சுருதியை நிறுத்திப் பிடிப்பது போல, இதுவும் ஒரு சுருதிக் குழல் என்று எண்ணிக் கேட்டால் மூன்று நிமிடத்தில் சலிப்பு தட்டிவிடும். அதே பதிவைத் தவில் கேட்கும் காதோடு கேட்டுப் பாருங்கள். சொற்கள் உடைந்து உடைந்து வருவது புரியும், ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடம் தெரியும், முத்தாய்ப்பு வைப்பது போல ஓரிடத்தில் குழல் குரலை உயர்த்தி நிறுத்துவதும் தெரியும். இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் எல்லாமே காதை அப்படித் திருப்பி வைப்பதற்குத்தான்.

முதலில் ஊரும் பெயரும்

ஆஸ்திரேலியாவின் வட எல்லையில், நார்தர்ன் டெரிட்டரி ஆட்சிப்பகுதியின் வடகிழக்கு மூலையில் ஆர்னெம் லேண்ட் இருக்கிறது. அதன் கிழக்குப் பகுதியில் வாழும் மக்கள் யூல்ஙு. யிர்க்கலா, நுலுன்புய், கலிவின்கு, மிலிங்கிம்பி, கப்புவியக் போன்றவை அவர்கள் நிலத்தில் உள்ள ஊர்கள். அவர்கள் ஊதும் குழலின் பெயர் யிடக்கி. 'டிஜெரிடூ' என்பது அவர்கள் மொழிச் சொல் அல்ல. குழலின் ஓசையைக் கேட்ட வெளியார் வைத்த பெயர் அது. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் எல்லோருக்கும் இது பொதுக் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியில்லை. கண்டத்தின் வடக்கு ஓரத்து மக்களின் கருவி இது. தெற்கே பாலைநிலங்களிலும் கிழக்குக் கரையிலும் மரபில் இது கிடையாது.

ஆர்னெம் லேண்டுக்குள்ளேயே இரண்டு பெரிய பாணிகள் உண்டு. மேற்கே குழலுக்கு மாகோ என்று பெயர், அதோடு சேர்ந்த பாட்டுக்குக் குன்போர்க் என்று பெயர். ஓசை மென்மையாக இருக்கும், குழல் பெரும்பாலும் அடிச் சுருதியிலேயே நிற்கும். கிழக்கே யூல்ஙு பாணியில் நாக்கு வன்மையாக அடிக்கிறது, குழல் திடீரென மேல் சுருதிக்குத் தாவி ஒரு வெட்டு வெட்டுகிறது. கையில் இருக்கும் பதிவு எந்தப் பாணி என்று தெரிந்துகொள்ளாமல் கேட்டால், இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பெயர்களை வாயில் சரியாக வரவைத்தல்

இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். யிடக்கியில் ஒலிப்பது யூல்ஙு மொழி பேசிப் பழகிய நாக்கு. அந்த நாக்கு எங்கெங்கே தட்டுகிறது என்று தெரிந்தால் பாதி இசை விளங்கிவிடும். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது.

யூல்ஙு மொழியில் மூக்கொலிகள் ஆறு. பல்லில் தொடும் ந, அண்ணத்து முன்மேட்டில் தொடும் ன, நாக்கை மடித்துத் தொடும் ண, பிறகு ஞ, ங, ம. நம் மெல்லின எழுத்து ஆறும் அப்படியே! ல, ள வேறுபாடு உண்டு. உருளும் ரகரம் ஒன்று. நாக்கை வளைத்து எதிலும் படாமல் விடும் இன்னொன்று, நம் ழகரத்துக்கு மிக அருகில். பல்லில் தட்டும் த, மடிநாக்கு ட, இவை இரண்டுக்கும் நடுவில் முன்மேட்டில் தட்டும் ஒரு வல்லினம். இந்த மூன்றாவதை யாழ்ப்பாணத்துக்காரர்கள் 'காற்று', 'வெற்றி' என்று சொல்லும்போது வரும் றகரத்தில் கேட்கலாம். ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவருக்கு இவற்றைப் பிரித்துக் கேட்கவே மாதக்கணக்கில் ஆகும். உங்களுக்கு அது சிறுவயதிலேயே கைவந்தது.

உயிரெழுத்தில் ஒரு எச்சரிக்கை. ரோமன் எழுத்தில் அவர்கள் 'ஓ' போல எழுதுவது நெடில் 'ஊ'. 'ஏ' போல எழுதுவது நெடில் 'ஈ'. அதனால்தான் இங்கே யோல்ங்கு என்று எழுதாமல் யூல்ஙு என்று எழுதுகிறோம். யிடக்கியில் டகரம் நாக்கு மடித்த டகரம், அழுத்தம் முதல் அசையில். 'யிடாக்கீ' என்று நீட்ட வேண்டாம்.

இன்னும் நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். மனிக்கய் என்பது குலத்துக்குரிய பாட்டுத் தொடர். பில்மா என்பது தாளக் கட்டைகள். புங்குல் என்பது ஆட்டமும் சடங்கும் சேர்ந்த நிகழ்வு. மில்கர்ரி என்பது அதே பாட்டுப் பொருளைப் பெண்கள் அழுகைக் குரலில் பாடுவது. மில்கர்ரிக்குக் குழலும் இல்லை, கட்டையும் இல்லை.

பாட்டு யாருடையது?

யூல்ஙு உலகம் இரண்டு பிரிவுகளால் ஆனது, துவா என்றும் யிரிச்சா என்றும். மனிதர், நிலம், நீர்நிலை, மீன், பறவை, மரம், காற்று எல்லாம் ஏதாவது ஒரு பிரிவைச் சேர்ந்தவை. பிள்ளை அப்பாவின் பிரிவில் பிறக்கும், எதிர்ப் பிரிவில் மணம் முடிக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் அம்மாவின் குலம் எதிர்ப் பிரிவில் இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல குலங்கள். கால்பு குலம் துவா, குமச் குலம் யிரிச்சா. ஒவ்வொரு குலத்துக்கும் தன் நிலம், தன் மனிக்கய், தன் மெட்டு. முதலை, சுறா, தேன், மேகம், கடற்பறவை, நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடம் என்று பாட்டுப் பொருள்கள் வரிசையாக வரும். அந்த வரிசை ஒரு நிலப்பரப்பின் ஊடே நடந்து போவது போன்றது.

இதைக் கேட்பவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், யிடக்கிச் சொற்கட்டு பாட்டுக்குப் பாட்டு மாறும். மேகப் பாட்டுக்கு ஒன்று, முதலைப் பாட்டுக்கு வேறொன்று, அதே பொருள் இன்னொரு குலத்தில் வந்தால் மறுபடி வேறு. ஊதுபவர் தன் விருப்பத்துக்கு வாசிப்பதில்லை, அந்தப் பாட்டுக்கென்று இருப்பதை வாசிக்கிறார். அவருடைய திறமை அதை எவ்வளவு துல்லியமாக, எவ்வளவு உரமாகச் சொல்கிறார் என்பதில் தெரியும்.

குழலின் தோற்றத்துக்கும் குலங்களுக்குத் தங்கள் தங்கள் கதை உண்டு. குமச் மக்கள் குல்குலா என்ற மேட்டு நிலத்தில் கன்புலபுலா என்ற மூதாதை தேன் தேடி நடந்து, யிடக்கியைத் தங்களுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். கால்பு மக்களுக்கு யிடக்கியின் முழக்கம் விதிச் என்ற பெரும்பாம்போடும் இடியோடும் சேர்ந்தது.

கேட்பதற்கு முன் செய்யவேண்டிய ஏற்பாடு

யிடக்கியின் அடிச் சுருதி பெரும்பாலும் நொடிக்கு 65 முதல் 100 அதிர்வுக்குள் இருக்கும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அதைத் தரவே முடியாது. காதில் விழுவது அதன் மடங்குகளாக எழும் மேற்கூறுகள் மட்டும்தான். அடி ஓசையை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. அதனால் காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று கட்டாயம். 'பாஸ் பூஸ்ட்' போன்ற வசதிகளை அணைத்துவிடுங்கள். அவை ரீங்காரத்தைப் பெருக்கி, நாக்கின் வேலையை மூழ்கடித்துவிடும். நாக்கு பேசுவது 1000 முதல் 2000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) பகுதியில்.

பதிவு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். பாடகர், பில்மா, யிடக்கி மூன்றும் சேர்ந்த மனிக்கய் பதிவு வேண்டும். தனி யிடக்கிப் பதிவுகள் பாடம் படிக்க உதவும். ஆனால் அவற்றிலிருந்து தொடங்குவது, பாட்டே கேட்காமல் மிருதங்கப் பாடத்தை மட்டும் கேட்பது போலாகும். மின்னணு இசையும் பறவைக் கூவலும் கலந்த 'தியான' ஆல்பங்கள் இந்தப் பயிற்சிக்கு உதவாது. யிர்க்கலாவில் உள்ள புகு-லார்ங்கய் முல்கா கலை மையமும், அதன் ஒலி-ஒளி ஆவணப் பிரிவான முல்கா ப்ராஜெக்டும் யூல்ஙு மக்களே நடத்தும் இடங்கள். அங்கிருந்து வெளிவருவதை நம்பிக் கேட்கலாம்.

ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். மனிக்கய் பாட்டுகள் குட்டையானவை. ஒன்று அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை போகும், சற்றே இடைவெளி, பிறகு அடுத்தது. அந்த ஒன்றையே திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பாட்டைப் பல தடவை கேட்கும் முறை

முதல் இரண்டு தடவை பில்மாவை மட்டும் கேளுங்கள். அயர்ன்வுட் என்ற கடினமான மரத்தில் செதுக்கிய இரண்டு கட்டைகள். ஒலி கூராக வெடிக்கும். இவை பாடகரின் கையில் இருக்கும், யிடக்கிக்காரரின் கையில் அல்ல. அதாவது தாளத்தின் உரிமை பாடகருடையது. விரலால் மேசையில் கூடவே தட்டுங்கள். சில பாட்டில் சீரான ஒற்றைத் தட்டு, சிலவற்றில் இரண்டு தட்டி ஒன்று விடும் கோலம், சிலவற்றில் மிக மெதுவான நடை. மெதுவான நடைக்கு அவர்கள் சொல் புல்ன. ஒரே பொருளை மெதுவாக ஒரு முறையும் வேகமாக ஒரு முறையும் பாடுவது சாதாரணம். அதைத் தனித்தனிப் பாட்டு என்று எண்ணிக் குழம்பாதீர்கள்.

அடுத்த இரண்டு தடவை குரல். மெட்டு மேலிருந்து கீழே இறங்கும். உச்சத்தில் தொடங்கி, படிப்படியாகத் தணிந்து, அடியில் சில சுரங்களில் தங்கும். பல பாடகர்கள் இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அசையைப் பாட மாட்டார்கள். ஒருவர் சற்று முந்துவார், ஒருவர் பிந்துவார். அதைத் தாளப் பிசகு என்று நினைக்கவேண்டாம், அவர்கள் அழகு அதில்தான் இருக்கிறது.

இப்போது பாட்டின் உடலமைப்பைப் பிடியுங்கள். தொடக்கத்தில் பாடகர் மெல்ல முனகிச் சுருதி பிடிப்பார். அடுத்து பில்மாவும் யிடக்கியும் நுழையும். நடுவில் சொற்கள். முடிவில் யிடக்கி ஒரு முடிப்புக் கோலம் வாசித்துச் சட்டென்று நிற்கும், கட்டையும் நிற்கும், குரல் மட்டும் தனியே இன்னும் கொஞ்ச தூரம் போய் அடங்கும். இந்தத் தனிக்குரல் வால் பகுதியைப் பலர் பதிவு அறுந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். காத்திருங்கள். குழல் நின்ற பிறகு காற்றில் நிற்கும் அந்தக் குரல்தான் பல பாட்டுகளில் மனதை அறுக்கும் இடம்.

ஐந்தாவது தடவையிலிருந்துதான் யிடக்கி. இப்போது வேகத்தை 0.75க்குக் குறைத்துக்கொள்ளலாம். பில்மாவின் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் குழல் எத்தனை முறை உடைகிறது என்று எண்ணுங்கள். சுற்று எங்கே முடிந்து மறுபடி தொடங்குகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று தட்டுக்குள் ஒரு சுற்று முடிந்துவிடுவது உண்டு. சுற்று பிடிபட்டதும் வேகத்தைப் பழையபடி 1க்குக் கொண்டுவந்து, வாயால் கூடவே சொல்லிப் பாருங்கள்.

நாக்கு சொல்லும் சொற்கட்டு

மிருதங்க ஆசிரியர் வாயால் 'தா தீ தொம் நம்' என்று சொல்லிக் கொடுப்பது போல, யிடக்கியும் வாய்ச்சொல்லில்தான் கற்பிக்கப்படுகிறது. புதிய ஊதுகாரர் அமர்ந்தால் பாடகர் அந்தப் பாட்டின் கோலத்தை வாயால் சொல்லிக் காட்டுவார். ஊதுகாரர் அதைக் குழலுக்குள் சொல்வார். தாளக் கருவியில் சொல்லும் ஓசையும் வேறு வேறு. இங்கே சொல்வதும் ஊதுவதும் ஒரே வாயின் ஒரே அசைவு. யூத்து யின்டி என்ற இசைக்குழுவில் யிடக்கி ஊதிய மில்கய்ஙு முனுங்குர் தன் பாடப் பதிவில் இப்படித்தான் செய்கிறார், முதலில் வாய்ச்சொல், பின்பு குழல். யூல்ஙு பாணியை வல்நாக்கு என்று அழைப்பதற்குக் காரணம் அந்தப் பதிவைக் கேட்டால் விளங்கும்.

பயிற்சிக்கு இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம், 'தித்-து', 'திர்ல்'.

'தித்' என்பதில் நாக்கு முன்னே வந்து பல்லில் படுகிறது. இகரத்துக்காக நாக்கின் நடுப்பகுதி மேலே எழும்புகிறது. வாயின் உள்வெளி சுருங்குவதால் குழலின் ஓசை பளிச்சென்று வெளுக்கிறது. இரண்டாவது தகர ஒற்றில் காற்று ஒரு கணம் தடைபடுகிறது. அந்த வெட்டைத்தான் நாம் தாளமாகக் கேட்கிறோம். 'து' என்று விடும்போது நாக்கு பின்னே இழுபடுகிறது, வாய்க்குழி பெரிதாகிறது, ஓசை இருண்டு விரிகிறது. 'திர்ல்' என்பதில் நாக்கு நுனி துடித்து, பிறகு பக்கவாட்டில் காற்றை விட்டு நிற்கிறது. ஓசை ஒரு சுருளாகச் சுழன்று தட்டையாகும். இந்த வெளுப்பும் இருளும் மாறி மாறி வருவதைக் கேட்கப் பழகிவிட்டால், ரீங்காரம் பின்னால் போய்விடும், சொல் முன்னால் வந்துவிடும்.

உள்ளே நடப்பது என்ன? உதடுகள் 70 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் 140, 210, 280 என்று மடங்குகள் வரிசையாக மேலே போகும். ஊதுபவரின் வாயும் தொண்டையும் அந்த வரிசையில் சில பகுதிகளை நசுக்குகின்றன, மற்றவை தப்பித்துக் குழல் வழியே வெளியே வருகின்றன. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் ஊதும்போதே வாய்க்குள் அளந்து 2005ல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். பேச்சில் உயிரெழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவதும் இதே போன்ற ஓசைப் பட்டைகளால்தான். அதனால்தான் யிடக்கி பேசுவது போலிருக்கிறது என்று சொல்பவர்கள் சரியாகவே கேட்டிருக்கிறார்கள்.

ஒரு சோதனை. பதிவை நிறுத்திவிட்டு, குரல் இல்லாமல் கிசுகிசுப்பாக 'ஈ-ஊ-ஈ-ஊ' என்று சொல்லுங்கள். சுருதி என்று ஒன்றே இல்லை, நிறம் மட்டும் மாறுகிறது. இப்போது பதிவை ஓடவிடுங்கள். அதே 'ஈ-ஊ' குழலுக்குள் ஓடுவதைக் கேட்பீர்கள்.

மேல் ஊதல்

யூல்ஙு யிடக்கியை அடையாளம் காட்டும் இன்னொன்று திடீரென வரும் உயர்ந்த சுருதி. உதட்டை இறுக்கி, காற்றை ஒரு நொடி அழுத்தி விட்டால் குழல் தன் அடுத்த இயல்புச் சுருதிக்குத் தாவும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே விட்டமுள்ள நேர்க்குழாயில் இந்தத் தாவல் அடிச் சுருதியைப் போல மூன்று மடங்கு. அதாவது, கீழ் சட்ஜத்தில் ஊதினால் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரும். கூம்பு வடிவக் குழலில் இரண்டு மடங்கு, மேல் சட்ஜம். யிடக்கி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாய்ப்பக்கம் குறுகி அடிப்பக்கம் விரியும் அதன் வடிவத்துக்கு ஏற்ப மேல் சட்ஜத்தைத் தாண்டி ரிஷபம், காந்தாரம், மத்தியமம் என்று எங்காவது வந்து நிற்கும். குழலுக்குக் குழல் இந்த இடைவெளி வேறு. பழகிய காது இதைக் கேட்டே குழலை அடையாளம் சொல்லும்.

மேல் ஊதல் அலங்காரத்துக்காக வருவதில்லை. பாட்டின் பகுதிகள் மாறும் இடத்திலும் முடிப்பிலும் அது வந்து ஆடுகிறவர்களுக்கும் கட்டை தட்டுகிறவருக்கும் இடம் காட்டுகிறது. எல்லாப் பாட்டிலும் வராது. ஒரு பாட்டில் எந்தத் தட்டின் மேல் வருகிறது என்று குறித்துவைத்து, அதே தொடரில் அடுத்த பாட்டிலும் அங்கேயே வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

மூச்சு எங்கே?

ஒத்துக்காரர் செய்வதுதான். கன்னத்திலும் வாயிலும் உள்ள காற்றைப் பிழிந்து குழலுக்கு அனுப்பிக்கொண்டே மூக்கால் இழுத்துக்கொள்வது. ஆனால் ஒத்தில் மூச்சு மாறும் இடம் காதில் படக்கூடாது. யிடக்கியில் மூச்சு இழுப்பதே தாளத்தின் ஒரு பங்கு. சுற்றுக்குள் அதற்கென்று ஓரிடம் உண்டு. நாக்கு பின்வாங்கும் அசைவோடு சேர்ந்து ஒரு குட்டி இழுப்பு, அந்த இடத்தில் ஓசை ஒரு கணம் மெலிந்து உடனே தடிக்கும். கன்னத்தை உப்பவைத்து நீளமாக இழுத்து, தாளத்தை நிறுத்திவைத்து மூச்சு வாங்குகிறவர் இந்தப் பாணியில் இன்னும் தேறவில்லை என்று உடனே சொல்லிவிடலாம்.

வாயில் உணர்ந்து பார்க்க ஒரு பிளாஸ்டிக் குழாய்

ஊதிப் பார்த்தால் கேட்பது கூர்மையாகும். அதற்கு மரக்குழல் வாங்கவேண்டியதில்லை. யூல்ஙு சிறுவர்களும் பிளாஸ்டிக் குழாயில் பழகுவதுண்டு. கடையில் 40 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 1.25 மீட்டர் வெட்டி வாங்குங்கள். இரு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிக் கழுவுங்கள். 30 கிராம் தேன்மெழுகை வெந்நீரில் போட்டு இளக்கி, கயிறு போல உருட்டி, ஒரு முனையில் வளையமாக ஒட்டுங்கள். உள்விட்டம் 28 முதல் 32 மில்லிமீட்டர் இருக்கட்டும். இந்தக் குழாயின் அடிச் சுருதி ஏறக்குறைய 68 ஹெர்ட்ஸ்.

உதட்டைத் தளர்த்தி, குதிரை கனைப்பது போல 'ப்ர்ர்ர்' என்று காற்றை விடுங்கள். அப்படியே வளையத்தை உதட்டில் வையுங்கள். காற்றை ஊத வேண்டாம், விட்டால் போதும்.

கீச்சென்று எக்காளம் போல வந்தால் உதடு இறுகியிருக்கிறது. ஓரத்தில் புஸ்ஸென்று காற்று கசிந்தால் மெழுகை முகத்துக்கு ஏற்ப அழுத்துங்கள். ஓசை வந்து வந்து அறுந்தால் காற்று மிகுதி, பாதியாகக் குறையுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்தி உட்காருங்கள். முதல் வாரம் ஒரு வேளைக்கு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

சுற்றுமூச்சுக்கு வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, மெல்லிய தாரையாகத் துப்பிக்கொண்டே மூக்கால் முகர்ந்து இழுங்கள். தாரை அறாமல் மூச்சு உள்ளே போனால் வித்தை கைக்கு வந்துவிட்டது. பிறகு குழாயில் 'து' சொல்லும் கணத்தில் அதைப் பொருத்துங்கள்.

இந்தக் குழாயால் ஏமாறவும் இடம் உண்டு. இது நேர்க்குழாய். அதனால் மேல் ஊதல் 205 ஹெர்ட்ஸ் பக்கம் போய் நிற்கும். இதே அடிச் சுருதியுள்ள யிடக்கியில் அது 150க்கும் 185க்கும் இடையில் எங்கோ இருக்கும். பதிவோடு ஒப்பிட்டு 'நமக்கு வரவில்லையே' என்று வருந்தாதீர்கள். குழாயின் வடிவம் அப்படி.

வீட்டில் பழகுவது வேறு, சடங்குப் பாட்டின் கோலத்தை மேடையில் எடுத்து வாசிப்பது வேறு. அது ஒரு குலத்தின் உடைமை. அனுமதி இல்லாமல் வாசிக்க வேண்டாம்.

குழலைக் கண்ணால் அறிதல்

யிடக்கிக்குப் பெரும்பாலும் ஸ்ட்ரிங்கிபார்க் என்ற யூகலிப்டஸ் மரம். யூல்ஙு மொழியில் அதற்கு கடய்க. உயிரோடு நிற்கும்போதே கறையான் அதன் நடுவைத் தின்று குடைந்திருக்கும். மனிதர் துளைப்பதில்லை. மரத்தைத் தேடிப் போகிறவர் பட்டையைச் சிறிது செதுக்கி, தட்டிக் காது வைக்கிறார். ஓசையிலேயே பொள்ளல் எவ்வளவு, சுவர் எவ்வளவு தடிப்பு என்று தெரிய வேண்டும். தவறாக வெட்டினால் ஒரு மரம் வீண். நல்லதை வெட்டி, பட்டை உரித்து, உள்ளே இருக்கும் கறையான் மண்ணைக் குத்தி வெளியேற்றி, வெளிப்புறத்தைச் சீவி இழைக்கிறார்கள். பட்டை உரிப்பதிலும் வண்ணம் தீட்டுவதிலும் பெண்களின் கை நிறைய உண்டு.

நீளம் பெரும்பாலும் 1.2 முதல் 1.6 மீட்டர். வாய்ப்பக்கம் சிறியது. உதடு மரத்தின் மேலேயே பதியும், மெழுகு வைப்பது குறைவு. ஊதும் முன் உள்ளே தண்ணீர் ஊற்றிச் சுழற்றி வடிப்பார்கள். மரம் ஊறி நுண்ணிய வெடிப்புகள் மூடிக்கொள்ளும், ஓசை தெளியும். வெடித்துப்போன இடத்தில் ஒட்டு நாடா சுற்றிய குழலைச் சடங்கிலேயே பார்க்கலாம். அதைப் பார்த்து மட்டமான கருவி என்று எண்ணிவிடாதீர்கள்.

உடம்பெல்லாம் புள்ளி வைத்துப் பளபளக்கும் குழல் யூல்ஙு மக்களுடையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. புள்ளி ஓவியம் மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தாருடையது. ஆர்னெம் லேண்டின் கையெழுத்து, மயிரிழை போன்ற குறுக்குக் கோடுகளால் நிரப்பிய ஓவியம். பல நல்ல யிடக்கிகளில் ஓவியமே இருக்காது, ஒற்றை நிறப் பட்டை ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். சுற்றுலாக் கடைகளில் இந்தோனேசியாவில் செய்த குழல்களும் மூங்கில் குழல்களும் இதே பெயரில் விற்கிறார்கள். வாங்குவதென்றால் செய்தவர் பெயர், குலம், ஊர், மரம் நான்கும் எழுதிய சான்றிதழோடு கலை மையத்தில் வாங்குங்கள். பணமும் செய்தவர் கைக்குப் போகும்.

குளிரூட்டிய அறையிலோ வெயில் படும் சன்னலோரத்திலோ வைத்தால் மரம் வெடிக்கும். துணியில் சுற்றிப் படுக்க வையுங்கள். ஊதி முடித்ததும் நிமிர்த்தி ஈரத்தை வடித்துவிடுங்கள்.

நேரில் போனால்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டில் குல்குலாவில் கார்மா விழா நடக்கிறது. 1999லிருந்து நடந்துவரும் இந்த விழாவை யூத்து யின்டி அறக்கட்டளை நடத்துகிறது. மாலைதோறும் குலம் குலமாக புங்குல் ஆடுவார்கள். விமானத்தில் நுலுன்புய் போய், அங்கிருந்து சாலை வழி. ஆர்னெம் லேண்ட் சட்டப்படி அம்மக்களின் நிலம். நுழைவு அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

ஆட்ட மணலுக்கு வெளியே, பாடகர்கள் பக்கமாக இடம் பிடியுங்கள். எதிரில் இருந்தால் ஆட்டம் நன்றாகத் தெரியும், ஆனால் குழல் கேட்காது. யிடக்கிக்காரர் பாடகரின் அருகில்தான் இருப்பார். அவர் கண் பாடகரின் வாயிலும் கட்டையிலும் இருப்பதைப் பாருங்கள். பாடகர் எங்கே முடிக்கப் போகிறார் என்பதை அவர் எப்படி ஒரு தட்டு முன்னாலேயே பிடிக்கிறார் என்பது பதிவில் ஒருபோதும் கிடைக்காத பாடம்.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், ஒலிப்பதிவுக்கும் அப்படியே. இறுதிச் சடங்கு நடந்தால் அழைப்பின்றிப் போகாதீர்கள். விழாவில் குழல் ஊதுவது ஆண்கள். மற்ற வேளைகளில் பெண்கள் ஊதலாமா என்பதில் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கு வேறு. கேட்டுவிட்டுத் தொடுங்கள். தரையில் கிடக்கும் குழலை யாரும் தாண்டக்கூடாது, சுற்றிப் போங்கள்.

இறந்தவரின் பெயரைக் குடும்பம் சம்மதிக்கும் வரை சொல்வதில்லை, படத்தையும் குரலையும் வெளியிடுவதில்லை. கால்பு குலத்தில் யிடக்கியின் காவலராக உலகமெங்கும் அறியப்பட்ட பெரியவர் 2022ல் காலமானார். அடிலெய்டில் தென் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017ல் யிடக்கிக்கென்றே நடத்திய கண்காட்சி அவரையும் அவர் குடும்பத்தையும் சுற்றி அமைந்தது. அவர் பெயரை இங்கே எழுதாமல் விட்டது அதனால்தான். அவருடைய பதிவு ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், முதல் தடவை பில்மாவிலிருந்து தொடங்குங்கள்.